என் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் இருக்கிறது!

“சார், நீங்க எழுதுனதை நம்பித்தான் அதைத் தொறந்தேன். சம்பந்தி வூட்டு ஆளுங்க முன்னாடி என் மானமே போயிடுச்சி...”

காலையில் போனை எடுத்ததும் ஒரு வாசகர் இப்படி ஆரம்பித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நான் கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

பேசியவர் பெயர் ஏழுமலை. விழுப்புரம் மாவட்டத்தில் வல்லம் பக்கம் விவசாயம். இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர். முன்பு ஒருமுறை பேசியிருக்கிறார் — மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை சாகுபடி பற்றி நான் எழுதியதில் பாதி தப்பு என்று சொல்வதற்காக!

இந்த முறை விஷயம் வேறு.

அவருடைய தங்கையைப் பிரசவத்துக்காக விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டிவரலாம் என்று சொல்லியிருக்கிறார் டாக்டர். தங்கைக்கு ஏ நெகட்டிவ். அந்த குரூப் ரத்தம் கையிருப்பில் இல்லை. ‘கொடுக்கிற ஆளைச் சாயங்காலத்துக்குள் கூட்டி வாருங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். சொந்தத்தில் யாருக்கும் அந்த குரூப் கிடையாது.

அப்போதுதான் ஏழுமலைக்கு நான் எப்போதோ எழுதிய ஒரு பத்தி ஞாபகம் வந்திருக்கிறது. திண்டிவனத்தில் ஒரு பெண்மணி நடத்தும் ரத்த தான இணையதளத்தைப் பற்றி எழுதியிருந்தேன். உடனே போனை எடுத்துத் தேடியிருக்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றி நின்று ஆவலாக எட்டிப் பார்க்க, தளத்தின் பெயரைத் தொட்டிருக்கிறார்.

வந்தது ரத்தம் கொடுப்பவர்களின் பக்கம் அல்ல. அரைகுறை உடையில் பெண்கள். ‘உன் ஊரிலேயே உனக்காகக் காத்திருக்கிறேன்’ வகையறா...

“தங்கச்சி மாமனார் பக்கத்துலயே நின்னுக்கினு இருக்காரு சார். உள்ள புள்ள வலியில துடிச்சிக்கினு இருக்குது, நீ இன்னாடா பாத்துக்கினு இருக்கறேன்னு கேக்கறாரு. நான் அவருக்கு இன்னா பதில் சொல்றது?”

நான் உடனே என் கம்ப்யூட்டரில் அந்தத் தளத்தின் முகவரியை டைப் செய்து பார்த்தேன். அழகாகத் திறந்தது. மேலே சிவப்பு நிறத்தில் ஒரு சொட்டு. கீழே, ‘எந்த குரூப் வேண்டும்?’

“ஏழுமலை, என் கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருக்கு. நீங்க அவசரத்துல வேற ஏதோ...”

“அப்போ நான் பொய் சொல்றேனா சார்?”

போனை வைத்துவிட்டார்.

ஒரு நிமிடம் எனக்குக் கோபம்தான் வந்தது. இவர் எதையோ தொட்டுவிட்டு என்னைச் சொல்கிறாரே என்று. பிறகு யோசித்தேன். தங்கை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஒரு மனிதன் வேலை மெனக்கெட்டு எனக்கு போன் செய்து பொய் சொல்வானா?

அவர் செய்த மாதிரியே செய்து பார்க்கலாம் என்று என் போனை எடுத்தேன். முகவரியை டைப் செய்யாமல், பெயரைப் போட்டுத் தேடினேன். முதல் வரியில் வந்தது. தொட்டேன்.

பக்கத்தில் என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போனைக் கவிழ்த்து வைத்த வேகத்தைப் பார்த்து, “என்னங்க?” என்றாள். சொன்னால் நம்புவாளா? சரி, காட்டியே விடலாம் என்று மறுபடி தொட்டேன். இந்த முறை... சிவப்புச் சொட்டு, ‘எந்த குரூப் வேண்டும்?’ எல்லாம் ஒழுங்காக வந்து நின்றது!

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

ஆனால், ஏழுமலையின் நிலைமை இப்போது எனக்கு நன்றாகப் புரிந்தது. உடனே திண்டிவனத்துக்கு போன் போட்டேன்.

ஸ்டெல்லாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நான அழைப்பு, கண்ணீர் அஞ்சலி — வாழ்க்கையின் எல்லாக் கட்டங்களுக்கும் அங்கே டிசைன் உண்டு. கணவர் ஆரோக்கியராஜ் விதை, உரக் கடையில் வேலை பார்க்கிறார்.

பல வருடங்களுக்கு முன் தலைப்பிரசவத்தில் ஸ்டெல்லாவுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. பி நெகட்டிவ். யாரோ யாருக்கோ சொல்லி, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, கடைசியில் கோட்டக்குப்பத்திலிருந்து முன்பின் தெரியாத ஓர் இளைஞர் பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். பெயர் ஜாபர். அப்போது கம்ப்யூட்டர் கடையில் வேலை.

உடம்பு தேறியதும் கணவரையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு நன்றி சொல்லப் போயிருக்கிறார் ஸ்டெல்லா. போன இடத்தில், ‘இப்படி ஆள் ஆளாகக் கேட்டு அலையாமல், ஒரே இடத்தில் எல்லா விவரமும் இருந்தால் எப்படி இருக்கும்?’ என்று பேச்சு வந்திருக்கிறது. பேச்சு தளமாகிவிட்டது. பிறகு ஜாபர் வேலை கிடைத்து ஷார்ஜா போய்விட்டார். அங்கிருந்தபடியே தொழில்நுட்ப வேலைகளை அவரும், ஊரில் ஆள் சேர்ப்பதை ஸ்டெல்லாவுமாக நடத்திவந்தார்கள். கட்டணம் கிடையாது. விளம்பரம் கிடையாது.

அந்தத் தளத்தில்தான் இப்போது இந்தக் கூத்து.

நான் சொன்னதைக் கேட்டதும் ஸ்டெல்லா, “என் கம்ப்யூட்டர்ல சரியாத்தானே சார் இருக்குது...” என்றார்.

அதே வசனம்!

“இதுக்கு முன்னாடி யாராவது இப்படிச் சொன்னாங்களாம்மா?”

“ரெண்டு மூணு பேரு சொன்னாங்க சார். அவங்க போன்லதான் வைரஸ் இருக்கும்னு நெனச்சிட்டேன். ஒருத்தர்கிட்ட, போனை சர்வீஸ் பண்ணுங்கன்னுகூடச் சொன்னேன்...”

நான் மேற்கொண்டு விசாரிக்கப் போனேன். அவர் குறுக்கிட்டார். “அதெல்லாம் அப்பால பாக்கலாம் சார். அந்தப் பொண்ணுக்கு இன்னா குரூப்பு?”

ஏ நெகட்டிவ் என்றேன்.

“நீங்க போனை வைங்க.”

கொஞ்ச நேரத்தில் விழுப்புரத்திலேயே பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்துவிட்டார். எண்ணை வாங்கி ஏழுமலைக்குக் கொடுத்தேன். முதலில் அவர் போனை எடுக்கவில்லை — அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறதே! மறுபடி அடித்தபோது எடுத்தார்.

“ஏழுமலை, நீங்க சொன்னது நிஜம். என் போன்லயும் அதேதான் வந்துச்சு. ரத்தம் கொடுக்க ஆள் வர்றாரு, நம்பரை எழுதிக்குங்க.”

“அதை மொதல்லயே நம்பியிருந்தா இன்னா சார்?” என்றார். நியாயம்தான்.

மெக்கானிக், கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை. தாயும் நலம். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களைக் காக்க வைப்பதில் எனக்கு விருப்பம் இல்லை.

மறுநாள் பஸ் பிடித்து திண்டிவனம் போனேன். வழியில் கூட்டேரிப்பட்டு வருவதற்குள் ஸ்டெல்லாவிடமிருந்து மூன்று முறை போன். “வந்துக்கினு இருக்கீங்களா சார்?” பாவம், ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கமாட்டார் போல.

கடையில் கூட்டம் இல்லை. ஜாபர் ஷார்ஜாவிலிருந்து இன்டர்நெட் வழியாக லைனில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். ஆரோக்கியராஜும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

என்னதான் நடந்தது? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணையதளத்தை இன்று யாரும் செங்கல் செங்கலாகக் கட்டுவதில்லை. இலவசமாக ஒரு மென்பொருள் கிடைக்கிறது. அதன்மேல் ஒரு ‘தீம்’ போடவேண்டும் — அதாவது தளத்தின் தோற்றம். பிறகு, படம் தானாக நகர ஒன்று, படிவம் நிரப்ப ஒன்று என்று தேவைக்கு ஏற்ப ‘பிளக்-இன்’கள். ஒவ்வொன்றும் எங்கெங்கோ இருக்கும் யார் யாரோ எழுதியது. மனிதர்கள் எழுதியதில் ஓட்டை இல்லாமல் இருக்குமா?

ஓட்டை தெரிந்ததும் எழுதியவர்கள் அதை அடைத்துப் புதிய பதிப்பு விடுகிறார்கள். ‘இந்த இடத்தில் ஓட்டை இருந்தது, அடைத்துவிட்டோம், எல்லோரும் அப்டேட் செய்துகொள்ளுங்கள்’ என்று பகிரங்கமாக அறிவிக்கிறார்கள். நல்ல விஷயம்தானே?

நல்ல விஷயம்தான். ஆனால் அந்த அறிவிப்பைத் திருடர்களும் படிக்கிறார்களே! யார் இன்னும் அப்டேட் செய்யவில்லை என்று தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். அதுவும் ஆள் போட்டு இல்லை. ஒரு புரோகிராம் எழுதி விட்டுவிட்டால் போதும். அது உலகம் முழுக்க ஒவ்வொரு தளமாகப் போய்த் தட்டிப் பார்க்கும்.

“நம்ம ஊரு சைட்டுல இன்னா இருக்குதுன்னு தேடி வரப்போறான்?” என்று ஆரோக்கியராஜ் கேட்டார்.

“தேடியெல்லாம் வரல மச்சான்,” என்றார் ஜாபர். “தொறந்து கெடந்துச்சி, வந்துட்டான். இது திண்டிவனமா டோக்கியோவான்னே அவனுக்குத் தெரியாது.”

ஸ்டெல்லாவின் தளத்தில் முகப்புப் படங்களை நகர்த்தும் ‘ஸ்லைடர்’ என்ற பிளக்-இன்னில்தான் ஓட்டை. பல மாதங்களுக்கு முன்பே அதைச் சரிசெய்த பதிப்பு வந்துவிட்டதாம்.

“பின்னே ஏன் அப்டேட் பண்ணலை?” — நான்தான் கேட்டேன். கேட்பது சுலபம்.

“ஒரு தடவ பண்ணேன் சார்,” என்றார் ஸ்டெல்லா. “வேற ஏதோ ஒரு பிளக்-இன்னு. அப்டேட்டுன்னு இருந்துச்சி, அமுக்கினேன். தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா மாறிடுச்சி. அன்னைக்குன்னு பாத்து ஒரு ஆக்சிடென்ட் கேஸு, ஆளு கேட்டு போன் மேல போன் வந்துக்கினு இருக்குது. ஒரே பேஜாராப் போச்சி. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே எதையும் தொடக்கூடாதுன்னு.”

ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்கவேண்டும் என்பதுதான் நம் எல்லோருடைய சித்தாந்தமும். அவரை மட்டும் என்ன சொல்வது? டேஷ்போர்டில், அதாவது தளத்தை நிர்வகிக்கும் பக்கத்தில், அப்டேட் பாக்கி இருப்பதைக் காட்ட ஒரு சிவப்பு வட்டம் வருமாம். அதற்குள் ஓர் எண். அது ஏறிக்கொண்டே போயிருக்கிறது. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

“ஆனா அந்த ஸ்லைடருக்கு மட்டும் அப்டேட்டுன்னு ஒண்ணும் வரலையே ஜாபர்? மத்ததுக்கெல்லாம் காட்டுது, அதுக்கு இல்லியே,” என்றார் ஸ்டெல்லா.

ஸ்பீக்கரில் ஜாபரின் குரல் இறங்கி ஒலித்தது.

“அக்கா... அது தீமோட சேந்து வந்தது. அந்தத் தீமு காசு குடுத்து வாங்கவேண்டியது. நான் அப்ப ஃப்ரீயாக் குடுக்கற ஒரு சைட்லேர்ந்து எறக்கிப் போட்டேன். திருட்டுக் காப்பி. அதுக்கு அப்டேட் வராது. ஓட்டை இருக்குன்னு நமக்குத் தகவல்கூட வராது.”

பிறகு, “என்னாலதான் அக்கா,” என்றார்.

தன் உயிரைக் காப்பாற்றிய ஆள். அவர் செய்த காரியத்தால் தன் பெயர் ஊரில் நாறிக்கொண்டிருக்கிறது. ஸ்டெல்லா என்ன சொல்லப்போகிறார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, வுடு. அப்ப நமக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். இப்ப இன்னா செய்யணும், அதைச் சொல்லு.”

அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜாபர் வேலையை ஆரம்பித்தார். முதலில் தளத்தை மூடி, ‘பராமரிப்பு நடக்கிறது, அவசரத்துக்கு இந்த எண்ணில் கூப்பிடுங்கள்’ என்று ஸ்டெல்லாவின் எண்ணைப் போட்டார். பிறகு உள்ளே துழாவத் துழாவ ஒவ்வொன்றாக வெளிவந்தது. வந்தவன் சாமர்த்தியசாலி. முகவரியை நேராக டைப் செய்து வருபவர், அதாவது பெரும்பாலும் தளத்தின் சொந்தக்காரர், எதையும் பார்க்கமாட்டார். தேடலில் கண்டுபிடித்து போனில் வருபவருக்கு மட்டும் அந்த அசிங்கப் பக்கம். அதுவும் ஒருமுறை காட்டிய போனில் மறுபடி காட்டாது! புகார் சொல்கிறவன் பொய்யனாகிவிட வேண்டும் என்றே செய்தது போல இருக்கிறதல்லவா?

எப்போதோ போட்டுப் பார்த்துப் பிடிக்காமல் நிறுத்தி வைத்த பிளக்-இன்கள் வேறு ஒரு கும்பல் உள்ளே கிடந்தன. “நிறுத்திட்டாப் போதும்னு நெனப்போம் சார். ஃபைல் உள்ளதான் இருக்கும். ஓட்டையும் உள்ளதான் இருக்கும். வேணாம்னா அழிச்சிடணும்,” என்றார் ஜாபர்.

அப்புறம்தான் அந்த விஷயம் தெரிந்தது. தளத்தை நிர்வகிக்கும் உரிமை ஸ்டெல்லாவுக்கும் ஜாபருக்கும் மட்டும்தான். ஆனால், நிர்வாகிகள் பட்டியலில் மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. இருவருமே உருவாக்காத பெயர்.

“அப்படின்னா... அவன் எல்லாத்தையும் பாத்திருப்பானா?” ஸ்டெல்லாவின் குரல் இறங்கிவிட்டது.

“பாத்திருக்கலாம் அக்கா. எடுத்தானான்னு நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா பாக்கற அளவுக்கு வழி இருந்திருக்குது.”

எல்லாத்தையும் என்றால்? ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பெயர், ஊர், போன் எண். பெண்களின் எண்கள் வெளியே தெரியாது. ஸ்டெல்லா மூலமாகத்தான் தொடர்புகொள்ள முடியும். அந்த நம்பிக்கையில்தான் பல பெண்கள் சேர்ந்திருந்தார்கள்.

சுத்தம் செய்யும் வேலை பல நாட்கள் ஓடியது. பேக்கப்பிலும், அதாவது முன்பு எடுத்து வைத்திருந்த நகலிலும், அழுக்கு இருந்ததால் அதை அப்படியே திருப்பிப் போட முடியவில்லை. எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, எழுதியவர்களிடமிருந்தே நேராக வாங்கிய புதுத் தீம் போட்டு, விவரங்களை மட்டும் சோதித்துச் சோதித்து உள்ளே கொண்டுவந்தார் ஜாபர். பாஸ்வேர்டுகள் எல்லாம் மாறின. அந்த நகரும் படங்கள் போயே போய்விட்டன. ரத்தம் தேடி வருகிறவருக்குப் படம் நகர்ந்தால் என்ன, நகராவிட்டால் என்ன?

தளம் சரியாகிவிட்டது. அத்தோடு கதை முடிந்திருக்கலாம்.

“இதோட வுட்டுடு,” என்றார் ஆரோக்கியராஜ். “ஓட்டையை அடைச்சாச்சி. நம்பரு போயிருக்கலாம், போகாமயும் இருக்கலாம். நீயா ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணி, உங்க நம்பரு திருட்டுப் போயிடுச்சின்னு சொன்னா, அப்பால எவன் வந்து சேருவான்? ஊர் உன்னை இன்னா பேசும்?”

அவர் கெட்டவர் இல்லை. மனைவியின் பெயர் கெடக்கூடாது என்று பதறுகிறவர். சொல்லப்போனால் நானும் அவர் கட்சிதான். “கொஞ்சம் ஆறப்போடலாமேம்மா,” என்றேன்.

ஸ்டெல்லா இருவரையும் பார்த்தார்.

“நம்பரு நம்முளுது இல்லிங்க. அவங்களுது. காணாமப் போச்சின்னு அவங்களுக்குத் தெரியவேணாமா?”



மறுநாளிலிருந்து கடையில் வேலை இல்லாத நேரமெல்லாம் ஸ்டெல்லா போன் செய்துகொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் போய் உதவினேன். வெளியே வெயில். உள்ளே ஃபேன் சத்தம், ஸ்பீக்கரில் போன். ஒவ்வொருவருக்கும் அதே செய்தி: தளத்தில் யாரோ புகுந்துவிட்டார்கள், உங்கள் எண் அவர்கள் கைக்குப் போயிருக்க வாய்ப்பு உண்டு, இப்போது சரிசெய்துவிட்டோம், தெரியாத அழைப்பு வந்தால் கவனமாக இருங்கள், உங்கள் பெயர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறோம்.

ஒலக்கூர் பக்கம் ஒருவர் சிரித்துவிட்டார். “ஏம்மா, என் நம்பரு லோன் குடுக்கறவன்கிட்ட இருக்குது, மனை விக்கறவன்கிட்ட இருக்குது. ஒரு திருடன்கிட்டயும் இருந்துட்டுப் போவட்டும். ரத்தம் வேணும்னா கூப்புடு. இப்ப கொல்லையில ஆளுங்க மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்காங்க, வைக்கறேன்.”

இன்னொருவர் பொரிந்து தள்ளினார். “காப்பாத்த வக்கில்லாதவங்க எதுக்குங்க நம்பரு வாங்கறீங்க?” ஸ்டெல்லா மறுத்துப் பேசவில்லை. “நீங்க கேக்கறது நியாயங்க,” என்றார். அவர் பெயரை நீக்கிவிட்டு அடுத்த எண்ணைப் போட்டார்.

மயிலம் பக்கத்திலிருந்து ஒரு பெண். பள்ளிக்கூட ஆசிரியை. பெயர் வேண்டாம். ஸ்டெல்லா முழுவதையும் சொல்லி முடித்தார்.

“டீச்சர்... இருக்கீங்களா?”

“இருக்கேங்க.” பிறகு மெதுவாக, “கொஞ்ச நாளா எனக்குத் தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்துக்கினே இருந்துச்சிங்க. கண்ட நேரத்துல. அசிங்க அசிங்கமா மெசேஜ். யாருக்கும் குடுக்காத நம்பரு எப்படிப் போச்சின்னு எங்க வூட்டுக்காரரு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல. சிம்மையே மாத்தறேன்னு சொன்னதுக்கு, எதை மறைக்க மாத்தறேன்னு கேட்டாரு...”

ஸ்டெல்லா கண்களை மூடிக்கொண்டார். “அது உங்க தப்பு இல்லிங்க டீச்சர். எங்ககிட்டேர்ந்துதான் போயிருக்கணும்னு தோணுது. நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. ஆனா வழி எங்க பக்கம் தொறந்து இருந்துச்சி. அது நெசம்.”

“ஒரு நிமிஷங்க... இதை அப்படியே எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்றீங்களா?”

போன் கை மாறியது. ஸ்டெல்லா மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஓர் இடத்தில்கூடச் சமாதானம் சொல்லவில்லை. ‘எங்கள் தப்பு’ என்ற வார்த்தையை இரண்டு முறை சொன்னார். அந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரிங்க,” என்றார். அவ்வளவுதான். மறுபடி டீச்சர் வந்தார்.

“என் பேரை எடுத்துடுங்க, மேடம்,” என்றார். கொஞ்சம் தயங்கி, “போன் பண்ணிச் சொன்னீங்களே... ரொம்ப நன்றிங்க.”

ஸ்டெல்லா போனை வைத்துவிட்டு, எழுந்து போய் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியராஜ், மெதுவாக மேஜைக்கு வந்து, அடுத்த எண்ணைத் தானே போட்டார்.

“வணக்கங்க... திண்டிவனத்துலேர்ந்து பேசறேன். ஸ்டெல்லா வூட்டுக்காரர்...”

அந்தத் தொலைபேசி அழைப்பு வராமலே இருந்திருந்தால் மயிலத்தில் ஒரு வீட்டில் அந்தக் கேள்வி எத்தனை காலத்துக்கு உட்கார்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நாங்கள் இருவரும் ‘ஆறப்போடலாம்’ என்றோமே... எதை?

சிலர் விலகினார்கள். பெரும்பாலானவர்கள் இருக்கிறார்கள். டீச்சர் திரும்பி வரவில்லை. வரவேண்டும் என்று ஸ்டெல்லா எதிர்பார்க்கவும் இல்லை. இதற்கிடையில் ‘இந்தத் தளம் ஆபத்தானது’ என்று தேடுபொறியும் ஓர் எச்சரிக்கை போட்டிருந்தது; அதுவும் விண்ணப்பித்துக் காத்திருந்து ஒருவழியாக நீங்கியது. இப்போது யாருடைய எண்ணும், ஆணோ பெண்ணோ, தளத்தில் கிடையாது. பெயரும் குரூப்பும் ஊரும் மட்டும்தான். எண்கள் வேறு இடத்தில், இணையத்தோடு சம்பந்தம் இல்லாமல். இல்லாததை எவன் திருடுவான்?

இன்னொரு ஏற்பாடும் வந்திருக்கிறது. ஜாபருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடித்து, சாப்பிட்டுவிட்டு உட்காருவார். இங்கே ஸ்டெல்லா கடையில் அப்போது கூட்டம் குறைவு. முதலில் முழுத் தளத்துக்கும் ஒரு பேக்கப். பிறகு அதன் நகல் ஒன்றில் அப்டேட்டுகளைப் போட்டுப் பார்ப்பார்கள் — தமிழ் எழுத்து கட்டமாகிறதா, படிவம் வேலை செய்கிறதா என்று. சரியாக இருந்தால்தான் அசல் தளத்தில். தேவைப்படாத பிளக்-இன் கண்ணில் பட்டால் உடனே அழிப்பு. கடைசியாக, வேறொருவர் போனை வாங்கி, தேடல் வழியாகப் போய் ஒருமுறை திறந்து பார்ப்பார் ஸ்டெல்லா. போனவாரம் அந்த வேறொருவர் நான்.

கொஞ்சம் பயத்தோடுதான் கொடுத்தேன். அவர் தொட்டார். பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“இன்னா ஆச்சிக்கா?” — ஸ்பீக்கரில் ஜாபர்.

“ஒண்ணும் ஆகலப்பா. நீ போய்த் தூங்கு.”

ஒன்றும் ஆகாமல் இருப்பதற்காக இரண்டு பேர் இரண்டு நாடுகளில் உட்கார்ந்து, வாரம் தவறாமல் வேலை செய்கிறார்கள். வெளியே யாருக்கும் தெரியாது. பாராட்டவும் ஆள் கிடையாது. ஏதாவது ஆனால் மட்டும்தானே நாம் போனை எடுத்துத் திட்டுவோம்?

ஒன்றுமே ஆகாத ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி எந்தப் பத்திரிகையில் எழுதுவார்கள்... அதனால்தான் இந்த வாரம் நான் எழுதிவிட்டேன்.